கழுத்தில் கட்டிய குரல்

பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட முதல் நாளே வக்கீலம்மா ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டருங்க பேட்ஜ் மணியடிச்சு, எடுக்கலாமான்னு கேக்குது. எங்களது மட்டும் ஏன் கேக்காமலே வாயைத் திறக்குது?"

பதில் சொல்ல வேண்டியவர் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி. அவர் சிரித்தார். "கூப்பிட்டா நீங்க வரத்தானே போறீங்க. இதுல எடுக்கிறது என்ன, எடுக்காதது என்ன?" என்றார். கூடியிருந்தவர்களில் பாதிப்பேரும் சிரித்தார்கள். மேலே இருப்பவர் சிரித்தால் கீழே இருப்பவர்களும் சிரிப்பது ஒரு தொற்றுநோய். அதற்கு மட்டும் எந்த ஆஸ்பத்திரியிலும் தனி வார்டு கிடையாது.

அந்த பேட்ஜ் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நாடாவில் கோத்து நெஞ்சின் மேல் தொங்கவிட வேண்டும். பொத்தானை அழுத்தி, யார் வேண்டுமென்று வாயால் சொன்னால் போதும், அவர் நெஞ்சில் நம் குரல் கேட்கும். டாக்டருக்கும் நர்ஸுக்கும் முதலில் மணி அடிக்கும். விருப்பமிருந்தால் பேசலாம், இல்லையென்றால் 'பிறகு' என்று சொல்லிவிடலாம். வார்டு உதவியாளர்களுக்கு மணியும் இல்லை, பிறகும் இல்லை. யார் அழைத்தாலும் அழைத்த நொடியில் குரல் பொத்துக்கொண்டு வந்து விழும், குளியலறையில் இருந்தாலும் சரி, வாயில் சோறு இருந்தாலும் சரி.

வக்கீலம்மா சட்டம் படித்தவர் அல்ல. எலும்பு முறிவு வார்டில் உதவியாளர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் திருப்பிப் போடுவது, துடைத்துவிடுவது, தட்டு வைத்து எடுப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் அவர் வேலை. பட்டப்பெயர் வந்தது லிஃப்டால். நோயாளியோடு வந்தால்தான் உதவியாளர்கள் லிஃப்டில் ஏறலாம், தனியாக வந்தால் படியேற வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. ஒருநாள் அவர் காலி சக்கர நாற்காலியோடு லிஃப்டுக்குள் நுழைந்தார். காவலாளி மறித்தார். "இந்த நாற்காலியைத் தோள்ல தூக்கிட்டுப் படியேறி விழுந்தேன்னா நானே நோயாளி ஆயிடுவேன். அப்ப ஏத்துவீங்களா? ஏத்துவீங்கன்னா இப்பவே ஏத்துங்க, எலும்பாவது மிஞ்சும்" என்றார். காவலாளி யோசித்து முடிப்பதற்குள் கதவு மூடி லிஃப்ட் மேலே போய்விட்டது. கொஞ்ச நாளில் விதியும் போனது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

கிடங்கில் மூட்டை தூக்கியவரின் மூன்றாவது மகள் அவர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாடிப்படியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததுதான் காரணம். அக்கம்பக்கத்தார் வந்து, எல்லாம் தலையெழுத்து என்று ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பதினாறு வயதுப் பெண் அவர்களிடம், "தலையெழுத்து இல்ல, அந்தப் படிக்குக் கைப்பிடி இல்ல" என்றாள். வாய்த்துடுக்கு என்று பேர் வாங்கினாள். ஆனால் வீட்டுச் சொந்தக்காரரைத் துரத்தித் துரத்திக் கைப்பிடி போடவைத்த பிறகுதான் ஓய்ந்தாள். அம்மாவைப் புரட்டிப் போட்டுப் பழகிய கை பிறகு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தது. நோயாளியைத் தொடும் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது அம்மாவிடம் பழகிய பழக்கம். குளிர்ந்த கை பட்டால் அம்மா திட்டுவார்.

பேட்ஜே வேண்டாம் என்று வக்கீலம்மா ஒருநாளும் சொன்னதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது வந்த வாரமே, மூச்சு நின்றுபோன ஒரு கிழவிக்கு ஆள் வரவழைத்தது அவருடைய பேட்ஜ்தான். முன்பானால் வராந்தாவின் கோடிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடித் திரும்புவதற்குள் கிழவி போயிருப்பார். கருவி நல்ல கருவி. அதற்கு மேல், கீழ் என்ற பேதம் தெரியாது. தெரிந்தது அதைப் பழக்கிய மனிதர்களுக்கு.

ஆனால் வார்டு மாறிப்போனது. முன்பு பெரிய சிஸ்டர், அதாவது வார்டின் தலைமை நர்ஸ், எதுவும் சொல்ல வேண்டுமென்றால் நடந்து வருவார். வரும் வழியிலேயே யார் கை வேலையாக இருக்கிறது, யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்த்துவிடுவார். "அக்கா, அதை முடிச்சுட்டு இங்கே கொஞ்சம் வரீங்களா" என்பார். இப்போது ஆள் வருவதில்லை, குரல் மட்டும் வருகிறது. குரலுக்குக் கண் கிடையாதே. 'அதை முடிச்சுட்டு' என்ற பேச்சு முதலில் போயிற்று. பிறகு 'அக்கா' போயிற்று. கடைசியில் 'எட்டாம் படுக்கை, பெட்ஷீட்' என்று தந்தி பாஷை ஆகிவிட்டது. உதவியாளர்கள் பேட்ஜுக்குத் தாயத்து என்று பேர் வைத்தார்கள். "தாயத்து கட்டினா பேய் ஓடும்பாங்க. இது கட்டினதும்தான் பேய் பேசுது" என்றார் 'ஆமை' என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த உதவியாளர். வேகத்துக்கு வைத்த பேர் அது. நாக்குக்குப் பொருந்தாது.

விபரீதம் ஒரு காலை வேளையில் வந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். சர்க்கரை நோயில் வலது பாதம் புண்ணாகி, புண் கறுத்துவிட்டிருந்தது. காலைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். திரையை இழுத்துவிட்டு வக்கீலம்மா அவரை உட்காரவைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கை முதுகைத் தாங்கியிருந்தது, இன்னொரு கையில் ஈரத்துணி. எந்த ரூட்டில் பயணிகள் சண்டை அதிகம் என்று டிரைவர் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நெஞ்சிலிருந்து எலும்பு டாக்டரின் குரல் பேசிற்று.

"அந்த டிரைவருக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்துடலாம்னு முடிவாயிடுச்சு. நாளைக்குக் காலைல ஆபரேஷன் தியேட்டருக்கு வேணும். காலை மழிச்சு ரெடி பண்ணி வெச்சிடுங்க."

டாக்டர் கெட்டவர் அல்ல. புறநோயாளிகள் கூட்டத்தில் நின்றபடி, வேலை ஒன்று குறையட்டும் என்று சொன்னார். நோயாளியிடம் மதியம் தானே வந்து பக்குவமாகச் சொல்ல நினைத்திருந்தாராம். மறுமுனையில் வராந்தாவோ சுவரோ இருக்கிறது என்ற நினைப்பில் காற்றிடம் பேசினார். பேட்ஜ் கட்டியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. முன்பானால் அவரும் நடந்துதான் வந்தாக வேண்டும். வந்தால் திரை தெரியும், திரைக்குக் கீழே வக்கீலம்மாவின் செருப்பு தெரியும், குரல் தானாகத் தணியும்.

டிரைவரின் முதுகு வக்கீலம்மாவின் உள்ளங்கையில் கல்லாக இறுகியது. பிறகு மெல்லச் சாய்ந்து படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதியம் டாக்டர் வந்து விளக்கியபோது ஆபரேஷனுக்குச் சம்மதிக்க முடியாது என்றுவிட்டார். அவர் மனைவி வராந்தாவில் நின்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினார். அந்தக் கத்தல் நிர்வாக அதிகாரியின் அறை வரை போனது.

சாயங்காலம் விசாரணை. நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, டாக்டர், பெரிய சிஸ்டர்; இந்தப் பக்கம் வக்கீலம்மா. டாக்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பு வந்ததும் திரைக்கு வெளியே போய்ப் பேசியிருக்க வேண்டும், அதைச் செய்யாதது கவனக்குறைவு என்றார் அதிகாரி.

"என் கை அவர் முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு சார். போட்டுட்டுப் போகவா?"

"அது உங்க சாமர்த்தியம்."

"எடுக்கவான்னு கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அந்த ஒரு பொத்தான்தானே சார் நான் முதல் நாளே கேட்டது."

உயிர் காக்கும் அவசரத்துக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறோம் என்றார் அதிகாரி. அவசரம் என்று சொன்னால் டாக்டர்கள் பேட்ஜும் கேட்காமல் திறக்கிறதே, எங்களுக்கும் அதே போதும் என்றார் வக்கீலம்மா. பதில் இல்லாத இடத்தில் அதிகாரம் பேசும். கவனக்குறைவை வக்கீலம்மா ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தால் விஷயம் இதோடு முடியும். இல்லையென்றால் வார வேலைப் பங்கீடு மாறும்போது வார்டிலிருந்து சலவைப் பிரிவுக்கு மாற்றம். நோயாளிகளைத் தொடும் வேலை இனி கிடையாது.

பெரிய சிஸ்டர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர். வீட்டிலும் கை சும்மா இராது. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம், ஊர் உலகத்தில் யாரும் செய்யாததா என்றார். "தண்ணில இருந்துக்கிட்டு முதலையோட பகை வெச்சுக்கலாமா?"

"தண்ணி முதலையோடதுன்னு யாரு சொன்னது?"

"முதலைதான் சொல்லும். வேற யாரு சொல்லுவா."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகும் வக்கீலம்மா யோசனையாகவே இருந்தார். சலவைப் பிரிவில் சம்பளம் குறையப்போவதில்லை, வேலையும் சுலபம். ஆனால் செய்யாத தப்பைச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு ஆமையின் நெஞ்சிலும் இன்னொருத்தியின் நெஞ்சிலும் அதே குரல் பொத்துக்கொண்டு வரும், அவர்களும் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தப்பு என்று ஒன்று நடந்தால் அது உருண்டு உருண்டு ஆகக் கீழே நிற்பவரின் காலடியில்தான் வந்து நிற்க வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் சொல்லவில்லை. தரையைச் சாய்வாகப் போட்டது மனிதர்கள்தான். அவர் கணவரிடம் சொன்னார்: "நான் ஒத்துக்க மாட்டேன். வார்டை விட்டும் போக மாட்டேன்." கணவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "அப்ப நாளைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடவே கட்டித் தரேன். சண்டைக்குப் போறவ பசியோட போகக் கூடாது."

மறுநாள் அவர் முதலில் போனது டிரைவரிடம். மனைவி கட்டிலருகே காவல் போல உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்தச் சொல்லு என் நெஞ்சுல இருந்துதான் வந்துச்சு. உங்க காதுல அப்படி விழுந்ததுக்கு நான் வருத்தப்படுறேன். சொன்னது நான் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

டிரைவர் சுவர்ப் பக்கமிருந்து மெல்லத் திரும்பினார். பிறகு சொன்னார். "கால் போறதைவிட இதுதாம்மா எரியுது. வண்டில பிரேக் போச்சுன்னா டிரைவர்கிட்ட முதல்ல சொல்லணும். கிளீனர்கிட்டச் சொல்லக் கூடாது."

"நான்தான் அந்தக் கிளீனர்."

மனைவிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது. வக்கீலம்மா ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரை உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், எல்லாக் கேள்வியும் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை என்று மட்டும் சொன்னார். அன்றே டாக்டர் வந்து கட்டிலோரம் முக்காலியில் உட்கார்ந்து, புண்ணின் விஷம் எப்படி மேலே ஏறும் என்பதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். டிரைவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

ஆனால் மாற்றல் மிரட்டல் அப்படியே நின்றது. வக்கீலம்மா உதவியாளர்களைச் சாப்பாட்டு இடைவேளையில் கூட்டினார். பேட்ஜ் கொடுத்த அன்று சொன்ன விதிகள் எல்லோருக்கும் மனப்பாடம். வேலை நேரத்தில் பேட்ஜை அணைக்கக் கூடாது என்பது ஒன்று. நோயாளியின் காதில் விழக் கூடாதது விழக் கூடாது என்பது இன்னொன்று.

"ரெண்டையும் மதிப்போம். திரைக்குள்ள போகும்போது தாயத்தைக் கழட்டி வெளிய கொக்கில மாட்டிட்டுப் போவோம். அணைக்க வேண்டாம். அது பாட்டுக்குப் பேசட்டும்."

ஆமை கேட்டார்: "கூப்பிட்டா?"

"வேலை முடிஞ்சதும் வெளிய வந்து, என்னன்னு கேப்போம். மனுஷங்க அப்படித்தானே செய்வாங்க."

அடுத்த காலை வார்டு வராந்தா ஒரு விசித்திரமான இடமாயிற்று. திரை போட்ட கட்டில்களுக்கு வெளியே, குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பிகளிலும் கொக்கிகளிலும் பேட்ஜுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றியபோது பேசியது. "எங்கே இருக்கீங்க?" என்று ஒரு கம்பி கேட்டது. "எக்ஸ்ரேக்கு ஆள் அனுப்புங்க" என்று ஒரு கொக்கி உத்தரவு போட்டது. "எத்தனை தடவை சொல்றது?" என்று இன்னொன்று கோபித்துக்கொண்டது. பார்வை நேரத்துக்கு வந்து காத்திருந்த ஒரு பெரியவர், மரியாதை தெரிந்தவர், எழுந்து போய் ஒரு பேட்ஜிடம் பதில் சொன்னார்: "அவங்க உள்ள யாரையோ குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க. நீங்க யாரு, என்ன வேணும்னு சொல்லுங்க, வந்ததும் சொல்றேன்."

தாமதம் ஆனதா? ஆனது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு எக்ஸ்ரே தள்ளிப்போனது, ஒரு கட்டில் காலியாகக் காத்திருந்தது. அவசரம் எதுவும் தவறிவிடக் கூடாது என்று ஆமை மட்டும் பேட்ஜைக் கழற்றாமல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். அவர் வாழ்நாளில் அத்தனை வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

பெரிய சிஸ்டர் கொதித்துப்போய் வந்தார். வெகுநாளைக்குப் பிறகு நடந்து வந்தார். வந்துகொண்டே தன் பேட்ஜை அழுத்தி வக்கீலம்மாவை அழைத்தார். "உடனே வெளிய வாங்க. என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க நீங்கள்லாம்?"

அவர் காதுக்குப் பக்கத்திலேயே, ஒரு கொக்கியிலிருந்து, அதே சொற்கள் வெடித்தன. தகரத்தில் ஆணி கீறுவது போன்ற ஒரு குரல். காத்திருந்தவர்கள் கொக்கியைப் பார்த்தார்கள், பிறகு சிஸ்டரைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

சிஸ்டர் அப்படியே நின்றார். அந்தக் குரலைப் பல மாதங்களாக அவர் அனுப்பிக்கொண்டிருந்தார், ஒருநாளும் வாங்கியதில்லை.

வக்கீலம்மா திரையை விலக்கிக்கொண்டு ஈரக்கையோடு வந்தார்.

"இப்படியா கேக்குது?" என்றார் சிஸ்டர்.

"இதைவிடச் சத்தமா கேக்கும் சிஸ்டர். நெஞ்சுல இருந்தா."

உதவியாளர்கள் ஒவ்வொரு முறை தாமதிக்கும்போதும் அதிகாரி தன்னைத்தான் அழைத்துக் கடிக்கிறார் என்று சிஸ்டர் மெல்லச் சொன்னார். அந்தக் கடியை அப்படியே கீழே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். சாக்காகச் சொல்லவில்லை, கண்டுபிடித்தவர் போலச் சொன்னார். "அன்னைக்கு விசாரணையில நான் பேசியிருக்கணும் அக்கா."

"இன்னைக்கு பேசுங்க. அறை அங்கேயேதான் இருக்கு."

இருவரும் சேர்ந்து போனார்கள். உள்ளே நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்கு நடவடிக்கை என்ற சொல்லை அதிகாரி பலமுறை சொன்னார். எந்த விதி மீறப்பட்டது என்று வக்கீலம்மா அத்தனை முறையும் கேட்டார். என் வார்டு ஆட்களை வெளியே அனுப்பினால் நோயாளியைத் திருப்பிப் போட நீங்கள்தான் வர வேண்டியிருக்கும் என்று சிஸ்டர் சொன்னார். கடைசியில், பேட்ஜ் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பப் பெண்ணை வரவழைத்து, மணியும் மறுப்பும் வைக்க என்ன செலவாகும், எத்தனை நாளாகும் என்று அதிகாரி கேட்டார். செலவில்லை என்றாள் அந்தப் பெண். கணினியில் உதவியாளர்கள் என்ற பிரிவுக்கு எதிரே உள்ள ஒரு டிக் குறியை எடுத்தால் போதும், இப்போதே எடுக்கலாம்.

"அப்ப ஏன் வெச்சீங்க?" என்றார் சிஸ்டர்.

"வைக்கச் சொன்னாங்க, வெச்சேன். எடுக்கச் சொல்லி யாரும் கேக்கலை."

யாரும் கேட்கவில்லையாம். வக்கீலம்மா முதல் நாளே கேட்டிருந்தார். ஆனால் கேட்டவர் யார் என்பதைப் பார்த்துத்தான் கேள்வி கேள்வியாகக் கணக்கில் சேரும் போலிருக்கிறது. அந்த வழக்கம் பேட்ஜோடு வந்ததல்ல, அதைவிட மிகப் பழையது.

குறி எடுக்கப்பட்டது. பரீட்சார்த்தமாக என்று அதிகாரி சேர்த்துக்கொண்டார். தோற்றவர்களுக்கு அப்படி ஒரு சொல் தேவைப்படும். சலவைப் பிரிவு மாற்றலைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தப்பு உங்களுடையது இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அதையும் வாயால் சொல்லவைக்க வேண்டும் என்று வக்கீலம்மா மனதில் குறித்துக்கொண்டார்.

சில நாட்கள் கழித்து, ஆபரேஷன் முடிந்த டிரைவருக்கு முதல்முறையாக உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சில் மெதுவாக மணி அடித்தது. எலும்பு டாக்டர் அழைக்கிறார், எடுக்கலாமா என்றது பேட்ஜ்.

"பிறகு" என்றார்.

பேட்ஜ் அடங்கிப்போனது. டிரைவர் ஒரு புருவத்தைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வந்து நின்றது.

"உள்ளே வரலாமா?" என்றது தணிந்த குரல்.

"முதுகு பாக்கி இருக்கு டாக்டர். கொஞ்சம் நில்லுங்க."

ஷூக்கள் நகரவில்லை. வக்கீலம்மா துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார்.